கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கச் சொல்வது ஏன்?

கேள்வி: மதிவதனி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. இந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து குழந்தைக்கு முயலலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். அண்மையில் வேறொரு காரணத்திற்காக மருத்துவரைப் பார்க்கச் சென்றிருந்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் உடனே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை எழுதித் தந்து, நாள்தோறும் ஒன்று வீதம் அன்றிலிருந்தே தொடங்குமாறு சொன்னார். கரு உண்டாக இன்னும் பல மாதங்கள் ஆகலாமே என்று கேட்டதற்கு, "அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்" என்றார். வெளியே நோயாளிகள் பலர் காத்திருந்ததால் மேலும் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு கருத்து வந்தது. என் அக்காவுக்குக் கரு உறுதியான பிறகு, ஏறத்தாழ எட்டாவது வாரத்தில்தான் இந்த மாத்திரையைத் தந்தார்கள். அவருடைய குழந்தை முழு நலத்துடன் இருக்கிறது. எனவே இல்லாத கருவுக்கு எதற்கு மருந்து என்பது அக்காவின் கேள்வி. கீரையும் பயறு வகைகளும் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும், மாத்திரையெல்லாம் சத்துக் குறைந்தவர்களுக்குத்தான் என்கிறார் என் மாமியார். தோழி ஒருத்தியோ 400 மைக்ரோகிராம் மிகக் குறைவு என்றும், தான் 5 மில்லிகிராம் எடுத்துக்கொண்டதாகவும், கூடுதலாக இருந்தால் பாதுகாப்பும் கூடுதல்தானே என்றும் சொல்கிறாள்.

பிறவிக் குறைபாட்டைத் தடுப்பதற்காகத்தான் இந்த மாத்திரை என்பதை நான் படித்திருக்கிறேன். கருவே இல்லாத நேரத்தில் உட்கொள்ளும் மாத்திரை, பின்னால் வரப்போகும் குழந்தையை எப்படிக் காக்கும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உணவிலிருந்து கிடைப்பது ஏன் போதாது, 400 மைக்ரோகிராம் என்ற அளவு எதன் அடிப்படையில் வந்தது என்பவற்றையும் தெரிந்தவர்கள் விளக்கினால் வீட்டாருக்கும் என்னால் எடுத்துச் சொல்ல முடியும்.

பதில் 1: இளவேனில்

வணக்கம் சகோதரி. நான் மகப்பேறு பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். உங்கள் மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி. அதன் காரணம் சில நாட்களின் கணக்கில் அடங்கியிருக்கிறது.

கரு உருவான மூன்றாவது வாரத்தில், பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகவேண்டிய பகுதி ஒரு தட்டையான உயிரணுப் படலமாகத்தான் இருக்கிறது. விரித்த பாயின் இரு ஓரங்களையும் தூக்கி நடுவில் சேர்ப்பதுபோல, அந்தப் படலத்தின் விளிம்புகள் இரண்டும் மேலெழுந்து வளைந்து ஒன்றையொன்று தொட்டு இணைகின்றன. அப்படி உருவாவதைத்தான் நரம்புக்குழாய் என்கிறோம். கருத்தரித்ததிலிருந்து ஏறக்குறைய 22ஆம் நாளில் நடுப்பகுதியில் தொடங்கும் இந்த இணைப்பு இரு முனைகளையும் நோக்கி நகர்கிறது. தலைப்பக்க முனை 25ஆம் நாளையொட்டியும், கீழ்முனை 28ஆம் நாளுக்குள்ளும் மூடிவிடுகின்றன. தலைப்பக்கம் மூடாமல் போனால் மூளையின் பெரும்பகுதியும் மண்டையோடும் வளராத அனென்செஃபாலி ஏற்படுகிறது. அக்குழந்தைகள் கருவிலேயே இறந்துவிடுகிறார்கள், அல்லது பிறந்த சில மணி நேரத்தில், மிஞ்சினால் சில நாட்களில் இறந்துவிடுகிறார்கள். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் முதுகெலும்புப் பிளவு, அதாவது ஸ்பைனா பிஃபிடா ஏற்படுகிறது. அதன் கடுமையான வடிவத்தில் தண்டுவடமே வெளியே திறந்திருப்பதால் கால்களின் இயக்கம், சிறுநீர் மற்றும் மலக் கட்டுப்பாடு ஆகியவை வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படலாம். மூளையில் நீர் தேங்குவதும் இக்குழந்தைகளிடம் மிகுதி.

இப்போது இந்த நாட்களை மாதவிடாய்க் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்குக் கருத்தரித்த 14ஆம் நாளில்தான் அடுத்த மாதவிடாய் வர வேண்டும். ஓரிரு நாள் தள்ளிப்போனதும் அவர் சோதித்துப் பார்த்துவிட்டால்கூட, குழாய் மூடத் தொடங்க ஒரு வாரமும் முழுவதும் மூடி முடிய இரண்டு வாரத்திற்கும் குறைவான காலமுமே மீதம் இருக்கின்றன. நடைமுறையிலோ, தள்ளிப்போனதைக் கவனித்து, சில நாள் பொறுத்திருந்து, சோதனை செய்து, மருத்துவரைச் சந்தித்து, மாத்திரை வாங்கி வருவதற்குள் அந்த இரண்டு வாரம் கடந்துவிடுகிறது. மருத்துவர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவதால், நரம்புக்குழாய் மூடி முடிவது அவர்கள் கணக்கில் ஆறாவது வாரத்தின் இறுதி. உங்கள் அக்காவுக்கு எட்டாவது வாரத்தில் தந்த மாத்திரை அவருடைய ரத்தத்திற்கும் கருவின் பொதுவான வளர்ச்சிக்கும் பயன்பட்டிருக்கும். நரம்புக்குழாயைப் பொறுத்தவரை அது மூடிய பிறகு வந்து சேர்ந்த மாத்திரை. அவருடைய குழந்தை நலமாகப் பிறந்ததற்குக் காரணம், மாத்திரை உட்கொள்ளாத தாய்மாரிடத்தும் பெரும்பாலான கருக்களில் இக்குழாய் தானாகவே சரியாக மூடிக்கொள்வதுதான். பல நாடுகளில் ஆயிரம் கருக்களில் ஒன்று, இரண்டு என்ற அளவிலேயே இது தவறுகிறது. அந்த ஒன்று யாருடையதாக இருக்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. இக்குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குடும்பத்தில் இதற்கு முன் எவருக்கும் இது இல்லாத பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள்.

முன்கூட்டியே தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபோலேட் என்பது ஒரு பி வைட்டமின், மாத்திரையில் இருக்கும் அதன் வடிவம்தான் ஃபோலிக் அமிலம். இன்று மாத்திரை போட்டால் நாளையே உடலில் ஃபோலேட் நிறைந்துவிடாது. ரத்தச் சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும் காலத்தில்தான் ஃபோலேட்டைத் தம்முள் சேர்த்துக்கொள்கின்றன, அவற்றின் ஆயுளோ ஏறத்தாழ 120 நாட்கள். ஆகவே பழைய அணுக்கள் போய்ப் புதியவை வரவரத்தான் உடலின் இருப்பு படிப்படியாக உயர்கிறது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாக என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், இரண்டு மூன்று மாதங்கள் கிடைப்பது நல்லது என்றே நான் சொல்வேன். உங்களுக்கு அந்த அவகாசம் இருக்கிறது.

உங்கள் மாமியார் சொல்வதில் தவறில்லை, ஆனால் அது முழுமையும் இல்லை. கீரை, பயறு, ஆரஞ்சு வகைப் பழங்கள் ஆகியவற்றில் ஃபோலேட் இருக்கிறது. அவற்றைக் கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் உணவிலுள்ள ஃபோலேட் நீரில் கரைவது, வெப்பத்தில் சிதைவது. கீரையை நீர்விட்டு வேகவைத்து வடித்தால் அதில் பாதியளவுகூட இழப்பாகலாம். எஞ்சியதிலும் ஏறக்குறைய பாதியைத்தான் குடல் உறிஞ்சுகிறது. மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலமோ வெறும் வயிற்றில் கிட்டத்தட்ட முழுவதும், உணவோடு சேர்ந்தால் 85 விழுக்காடு அளவிற்கு உறிஞ்சப்படுகிறது. நல்ல உணவு உண்பவருக்கும் மாத்திரையைப் பரிந்துரைப்பது இந்த வேறுபாட்டால்தான்.

பதில் 2: அறவாழி

நான் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். 400 மைக்ரோகிராம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் தோழியின் 5 மில்லிகிராமுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

ஃபோலேட் இல்லாமல் எந்த உயிரணுவும் பிரிய முடியாது. டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளான தைமிடினையும் பியூரின்களையும் உருவாக்க, ஒற்றைக் கார்பன் தொகுதிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு எடுத்துச் சென்று கொடுப்பது அதன் வேலை. வயது வந்த உடலில் ஃபோலேட் குறைந்தால், இடைவிடாமல் அணுக்களைப் பெருக்கிக்கொண்டிருக்கும் எலும்பு மஜ்ஜைதான் முதலில் தடுமாறும். பம்பாயில் கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பெயரறியாத பொருள்தான் பின்னர் ஃபோலேட் என்று அடையாளம் காணப்பட்டது. கர்ப்பத்திற்கும் இச்சத்துக்கும் உள்ள உறவு அங்கேயே தொடங்கிவிட்டது என்றாலும், பிறவிக் குறைபாட்டோடு அதை இணைத்துப் பார்க்க மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹிப்பார்டும் ஸ்மித்தெல்ஸும், நரம்புமண்டலக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் வளர்சிதை மாற்றம் பிறழ்ந்திருப்பதைக் கண்டார்கள். அதன் தொடர்ச்சியாக ஸ்மித்தெல்ஸ், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட குழந்தையைப் பெற்ற பெண்களுக்கு, கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே பல வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்து, நம்பிக்கை தரும் முடிவுகளை 1980இல் வெளியிட்டார். ஆனால் அவர் கொடுத்தது பல சத்துகளின் கலவை; அதை உட்கொள்ள முன்வந்த பெண்கள் இயல்பாகவே தம் நலத்தில் கூடுதல் அக்கறை கொண்டவர்களாக இருந்திருக்கலாம். எனவே உண்மையில் பலன் தந்தது எது என்று உறுதியாகச் சொல்ல இயலாத நிலை நீடித்தது.

அந்த ஐயத்தைத் தீர்த்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய ஆய்வு. முன்பு பாதிக்கப்பட்ட கருவைச் சுமந்த 1817 பெண்களைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும், ஒரு குழுவுக்கு வேறு வைட்டமின்கள் மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும் தரப்பட்டன; நான்காவது குழுவுக்கு இரண்டும் தரப்படவில்லை. கொடுத்த ஃபோலிக் அமிலத்தின் அளவு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம். முடிவு தெரிந்த 1195 கர்ப்பங்களில் 27 கருக்களுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்தது. அவற்றுள் ஃபோலிக் அமிலம் பெற்ற இரு குழுக்களில் 6, பெறாத இரு குழுக்களில் 21. அதாவது 72 விழுக்காடு பாதுகாப்பு. மற்ற வைட்டமின்களால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. பலன் இத்தனை தெளிவாகத் தெரிந்தபிறகு சில பெண்களுக்கு அதைத் தராமல் ஆய்வைத் தொடர்வது முறையன்று என்று கருதி, திட்டமிட்ட காலத்திற்கு முன்பே 1991இல் நிறுத்திவிட்டார்கள். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான விடை கிடைப்பது அரிது.

ஆனால் இது ஒருமுறை பாதிப்பைச் சந்தித்தவர்களிடம் நடந்த ஆய்வு. முதல்முறையாகக் கருத்தரிக்கும் பெண்களைப் பற்றிய விடை அடுத்த ஆண்டே ஹங்கேரியிலிருந்து வந்தது. 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொண்ட வைட்டமின் மாத்திரையை உட்கொண்டவர்களிடம் ஒரு கருவும் பாதிக்கப்படவில்லை. நுண்தாதுக்கள் மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழுவில் 6 கருக்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அந்த 1992ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள வயதிலிருக்கும் பெண்கள் அனைவரும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பெற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அளவு தனித்தே போதுமா என்பதற்கான மிகப் பெரிய சான்று சீனாவில் கிடைத்தது. 1990களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பெண்களைப் பின்தொடர்ந்த அந்தத் திட்டத்தில் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் மட்டுமே தரப்பட்டது. குறைபாடு மிகுந்திருந்த வட பகுதியில், மாத்திரை உட்கொள்ளாதவர்களிடம் ஆயிரத்துக்கு 4.8 ஆக இருந்த விகிதம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே உட்கொண்டவர்களிடம் 1.0 ஆகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே குறைவாக இருந்த தென் பகுதியில் அது 1.0இலிருந்து 0.6 ஆயிற்று.

இந்த எண்களில் நான் ஊன்றிப் பார்ப்பது, இரு பகுதிகளிலும் கடைசியில் எஞ்சிய விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதைத்தான். ஃபோலேட்டால் தடுக்கக்கூடிய பங்கை 400 மைக்ரோகிராமே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. எஞ்சியிருப்பவற்றுக்குக் காரணங்கள் வேறு. அளவைப் பத்து மடங்கு கூட்டினால் அவையும் நீங்கும் என்பதற்குச் சான்று இல்லை. 4 அல்லது 5 மில்லிகிராம் என்பது ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் அளவு. உங்கள் தோழிக்கு அப்படியொரு காரணம் இருந்திருக்கலாம். காரணம் இல்லாதவர் தாமாக அந்த அளவை எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். மருத்துவ மேற்பார்வையின்றி ஒருவர் உட்கொள்ளக்கூடிய உச்ச அளவு நாளொன்றுக்கு 1000 மைக்ரோகிராம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகில் ஏறத்தாழப் பாதிக் கர்ப்பங்கள் திட்டமிடாமல் நிகழ்பவை. உங்களைப்போல் மாதக்கணக்கில் முன்னதாகச் சிந்திக்கும் வாய்ப்பு அந்தப் பெண்களுக்கு இல்லை. அதனால்தான் மாவிலேயே ஃபோலிக் அமிலத்தைக் கலக்கும் செறிவூட்டல் முறை வந்தது. அமெரிக்காவில் 1998 ஜனவரி முதல், செறிவூட்டப்பட்ட தானிய மாவு 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் சேர்ப்பது கட்டாயமாயிற்று. அதே ஆண்டில் கனடாவும் செறிவூட்டலைக் கட்டாயமாக்கியது; அங்கே நரம்புக்குழாய்க் குறைபாடுகள் 46 விழுக்காடு குறைந்தன. ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்த ஆய்வைத் தலைமையேற்று நடத்திய பிரிட்டனோ, மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் முடிவை 2021இல்தான் அறிவித்தது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடியவற்றை எண்ணும்போது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

பதில் 3: தாமரைச்செல்வி

மதிவதனி, மேலே உள்ள இரண்டு பதில்களையும் படித்த பிறகு என் அனுபவத்தையும் எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை.

என் முதல் கர்ப்பத்தில் பன்னிரண்டாவது வார ஸ்கேனில் குழந்தைக்கு அனென்செஃபாலி இருப்பது தெரிந்தது. அதன் பிறகு நடந்தவற்றை நான் விவரிக்கப்போவதில்லை. உடலின் வலியைவிட, பார்க்க வந்தவர்களில் சிலர் "நீ மாத்திரை ஒழுங்காகப் போட்டாயா?" என்று கேட்டதுதான் நெடுநாள் என்னை வருத்தியது. கரு உறுதியான நாளிலிருந்து ஒரு மாத்திரையையும் நான் தவறவிடவில்லை. ஆனால் அதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. பின்னர் மரபியல் ஆலோசனைக்குச் சென்றபோது அந்த மருத்துவர் எனக்கு நிதானமாக ஒன்றை விளக்கினார். முன்பே தொடங்கிய பெண்களுக்கும் இது ஏற்படுவதுண்டு. ஆய்விலேயே ஃபோலிக் அமிலம் பெற்றவர்களிடையே 6 கருக்கள் பாதிக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே எந்தத் தனிப்பட்ட தாயையும் பார்த்து, நீ இதைச் செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று எவராலும் சொல்ல முடியாது. பல்லாயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது மாத்திரை காக்கிறது என்பது உறுதி. ஒருத்தியின் இழப்புக்கு அவளைப் பொறுப்பாக்க அந்த உண்மையைப் பயன்படுத்துவது கொடுமை. இந்த இழையைப் படிக்கும் பெண்களில் என்னைப் போன்றவர்கள் இருந்தால், அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒருமுறை பாதிப்பு ஏற்பட்டவர்களுக்கு மீண்டும் ஏற்படும் வாய்ப்பு நூற்றுக்கு 2 முதல் 5 வரை. அடுத்த கர்ப்பத்திற்கு மூன்று மாதங்கள் முன்னதாகவே எனக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, பன்னிரண்டாவது வாரம் முடியும்வரை தொடரச் செய்தார்கள். ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள். அந்த அளவை எட்டுவதற்காகப் பல வைட்டமின்கள் கலந்த மாத்திரைகளை ஒரே நாளில் பலவாக விழுங்கிவிடக் கூடாது. அவற்றில் வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் இருந்தால், அது அளவுக்கு மீறிச் சேர்ந்து தானே பிறவிக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும். அதிக அளவு தேவைப்படுபவர்கள் தனி ஃபோலிக் அமில மாத்திரையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தோழியின் பேச்சைக் கேட்டு அளவைக் கூட்ட நினைப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

என் மகள் நலமாகப் பிறந்தாள்.

மதிவதனி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தாமரைச்செல்வி அக்கா, உங்கள் பதிலை என் கணவரும் நானும் சேர்ந்து படித்தோம். இதை எழுத உங்களுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்பது எங்களுக்குப் புரிகிறது.

மாத்திரையைத் தொடங்கிவிட்டேன். மேலும் சில கேள்விகள் எழுந்திருக்கின்றன. முதலாவது என் நாத்தனாரைப் பற்றியது. அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. சிறுவயது முதல் வலிப்பு நோய்க்கு மருந்து உட்கொள்கிறார். அந்த மருந்து கருவைப் பாதிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, இப்போதே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார். இரண்டாவது, சாதாரண ஃபோலிக் அமிலத்தைச் சிலருடைய உடல் பயன்படுத்த முடியாது, மரபணுச் சோதனை செய்து அதற்கேற்ற மீத்தைல்ஃபோலேட் மாத்திரையைத்தான் வாங்க வேண்டும் என்று விளம்பரங்களில் பார்க்கிறேன். மூன்றாவது, நான் இறைச்சியும் முட்டையும் உண்பதில்லை. ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டை மறைத்துவிடும் என்பது உண்மையா?

பதில் 4: இளவேனில்

உங்கள் நாத்தனாரைப் பற்றியதை முதலில் எழுதுகிறேன், அதுதான் அவசரமானது. அவர் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் போகலாம், அது உயிருக்கே ஆபத்து. ஆனால் அவருடைய கவலை நியாயமானது. வலிப்பு மருந்துகளுள் வால்ப்ரோயேட் நரம்புக்குழாய்க் குறைபாட்டின் வாய்ப்பைப் பல மடங்கு உயர்த்துகிறது. அதை உட்கொள்ளும் தாய்மாரின் கருக்களில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் முதுகெலும்புப் பிளவு காணப்படுகிறது. குழந்தையின் அறிவு வளர்ச்சியையும் அது பாதிக்கக்கூடும். கார்பமசெபினாலும் இந்த ஆபத்து ஓரளவு கூடுகிறது. அதிக அளவு ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் வால்ப்ரோயேட்டின் ஆபத்து நீங்கிவிடும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே திருமணத்திற்கு முன்பே, கருத்தடை தேவைப்படும் காலத்திலேயே, அவர் நரம்பியல் மருத்துவரைச் சந்தித்துத் தம் திட்டத்தைச் சொல்ல வேண்டும். மருந்தை மாற்ற முடியுமா, எவ்வளவு குறைக்க முடியும், மாற்றிய பின் வலிப்பு அடங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்க்கப் பல மாதங்கள் தேவைப்படும். ஃபோலிக் அமிலத்தின் அளவையும் அந்த மருத்துவரே முடிவு செய்யட்டும், ஏனெனில் ஃபெனிட்டாயின் போன்ற சில மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் குறைத்துவிடக்கூடும்.

இதைப் போலவே, கர்ப்பத்திற்கு முன் நீரிழிவு இருப்பவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள், குடலில் சத்துகள் சரியாக உறிஞ்சப்படாத நோயுள்ளவர்கள், தமக்கோ கணவருக்கோ இக்குறைபாடு இருப்பவர்கள் ஆகியோரும் தங்களுக்கான அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மூட்டுவாதத்திற்காக மெத்தோட்ரெக்சேட் உட்கொள்பவர்கள் கருத்தரிக்கும் எண்ணத்தைக் கட்டாயம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஃபோலேட்டின் செயலைத் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலையே.

மீத்தைல்ஃபோலேட் பற்றி அறவாழி ஐயா எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். பி12 பற்றிய செய்தி உண்மைதான். பி12 குறைந்தாலும் ஃபோலேட் குறைந்தாலும் ஒரே விதமான ரத்தசோகை வருகிறது. மிகுதியான ஃபோலிக் அமிலம் அந்த ரத்தசோகையைச் சரிசெய்துவிட, பி12 குறைவால் நரம்புகளுக்கு ஏற்படும் சேதம் மட்டும் வெளியே தெரியாமல் தொடரக்கூடும். 1000 மைக்ரோகிராம் என்ற உச்ச அளவை வகுத்ததற்கு அதுவே காரணம். 400 மைக்ரோகிராமில் இந்தக் கவலை மிகச் சிறிது. ஆயினும் நீங்கள் விலங்குணவு உண்பதில்லை என்பதால் ஒரு ரத்தப் பரிசோதனையில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். பி12 குறைந்த தாய்மாரின் கருக்களில் நரம்புக்குழாய்க் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவதாகவும் ஆய்வுகள் கூறுகின்றன, ஆகவே அதைச் சரிசெய்வது இரு வகையிலும் நன்மை.

பதில் 5: அறவாழி

விளம்பரங்கள் சொல்லும் அந்த மரபணு எம்.டி.எச்.எஃப்.ஆர். ஆகும். ஃபோலேட்டை உடல் பயன்படுத்தும் இறுதி வடிவமான மீத்தைல்ஃபோலேட்டாக மாற்றும் நொதி அதிலிருந்துதான் உருவாகிறது. அதன் ஒரு பொதுவான வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களிடம் அந்த நொதி மெதுவாகச் செயல்படுகிறது என்பது உண்மை. ஆனால் அவர்களால் ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்தவே முடியாது என்பது உண்மையன்று. ஒரே அளவு ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும்போது, அவ்வேறுபாடு இல்லாதவர்களைக் காட்டிலும் அவர்களுடைய ரத்த ஃபோலேட் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைவாக இருக்கும், அவ்வளவே. நான் முன்பு சொன்ன வட சீனத்தில் இந்த வேறுபாடு மிகப் பரவலாக உள்ளது; சாதாரண ஃபோலிக் அமிலம் ஆகப்பெரிய பலனைத் தந்ததும் அங்கேதான். மீத்தைல்ஃபோலேட் ரத்த அளவை உயர்த்துவது மெய்யே. ஆனால் அது நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கிறது என்று நேரடியாகக் காட்டிய ஆய்வு இல்லை. தடுக்கிறது என்று மனிதர்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட வடிவம் ஃபோலிக் அமிலம்தான். எனவே அந்த மரபணுச் சோதனை உங்களுக்குத் தேவையில்லை. கையிலிருக்கும் மாத்திரையையே தொடருங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டியதில்லை, வழக்கம்போல் ஒன்று போதும். கரு தங்க ஆறு மாதமானாலும் ஓராண்டானாலும் இடையில் நிறுத்த வேண்டாம், ஏனெனில் அந்த 28 நாட்கள் எந்த மாதத்தில் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. கருத்தரித்த பிறகு, மருத்துவர் கணக்கில் பன்னிரண்டாவது வாரம் முடியும்வரை இதே அளவு போதும். அதற்குமேல் என்ன எடுத்துக்கொள்வது என்பதை, அப்போதைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவர் சொல்வார்.